அமெரிக்காவின் பழைய பெரிய கார்கள்: ஏன் இத்தனை ஈர்ப்பு, ஏன் இத்தனை சிரமம்?

1959-ஆம் ஆண்டு கேடிலாக்கின் படத்தைப் பார்க்கும் யாருக்கும் இரண்டு கேள்விகள் வரும். இவ்வளவு அழகான காரை இப்போது ஏன் யாரும் செய்வதில்லை என்பது ஒன்று. இதை எந்தத் தெருவில் ஓட்டி எங்கே நிறுத்துவது என்பது இன்னொன்று. விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். அந்த 1959 வரிசையில் மேற்கூரை மடங்கும் எல்டொராடோ பியாரிட்ஸ் லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகிறது. அதே கம்பெனி பதினைந்து வருடம் கழித்துச் செய்த, அதைவிடச் சற்று நீளமான நான்கு கதவுக் கார், ஓடும் நிலையிலேயே பத்துப் பதினைந்தாயிரம் டாலருக்குக் கிடைக்கிறது.

இதற்கெல்லாம் பெட்ரோல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. இந்தக் கார்களில் நம் கண்ணை இழுக்கும் நீளமும் எடையும் மென்மையும்தான் அவற்றை வைத்துப் பிழைக்க முடியாமலும் செய்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள வழியில்லை. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எவ்வளவு பெரியது?

1959 கேடிலாக்கின் சாதாரண மாடல் 225 அங்குல நீளம், அதாவது 5.7 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். எடை 2 டன்னுக்கு மேல். இந்தியாவில் வரிச்சலுகைக்காகச் சிறிய கார்களை 4 மீட்டருக்குள் அடக்குகிறார்கள். அப்படிப்பட்ட கார் ஒன்றை இதன் பக்கத்தில் நிறுத்தினால், கேடிலாக் அதைத் தாண்டி இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும்.

அதோடு நிற்கவில்லை. 1973 கிறைஸ்லர் இம்பீரியல் 235 அங்குலத்தை எட்டியது. 1970-களின் கடைசியில் வந்த லிங்கன் கான்டினென்டல் 233 அங்குலம். இரண்டுமே 6 மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற கார்கள். தலைவர்களும் பெரும் பணக்காரர்களும் வைத்திருந்த கேடிலாக் ஃப்ளீட்வுட் 75 லிமோசின் 1974-இல் 6.4 மீட்டர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்றைய செவர்லே சபர்பன் எஸ்யூவியின் நீளம் சுமார் 226 அங்குலம். 1959 கேடிலாக்கும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆகவே அமெரிக்கா பெரிய வண்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த நீளத்தை எதற்குச் செலவிட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. சபர்பனில் மூன்று வரிசை இருக்கைகள், எட்டுப் பேருக்கு இடம், பின்னால் சாமான். கேடிலாக்கில் ஆறு பேர் உட்காரலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.3 மீட்டர். மீதி 2.4 மீட்டர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும் தகடு. பின்னால் ஒரு பெரிய டிக்கி கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பங்கு பார்வைக்காகவே செலவானது. அந்தக் காரின் அழகும் அதுவே.

ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்?

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது தவறு. அன்றைய நிலைமையில் அது கணக்குப் போட்டுச் செய்த வேலை.

1. ஏணிப்படி விற்பனை. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு பிராண்டு வைத்தார். கீழே செவர்லே, அதற்கு மேலே பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், உச்சியில் கேடிலாக். சம்பளம் உயர உயர வாங்குபவர் ஒரு படி ஏற வேண்டும். ஏறியது பக்கத்து வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்றால் கார் நீளமாக இருக்க வேண்டும். கீழ்ப்படியில் இருந்த செவர்லேயும் வருடா வருடம் வளர்ந்தது. அது வளர்ந்ததால் மேலே இருந்தவை இன்னும் வளர வேண்டியிருந்தது.

2. வருடத்துக்கு ஒரு புது முகம். 1927-இல் ஸ்லோன் வடிவமைப்புக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி ஹார்லி ஏர்ல் என்பவரை அமர்த்தினார். எஞ்சினை மாற்றாமல் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றி, போன வருடக் காரைப் பழசாகக் காட்டலாம் என்பதை இந்தப் பிரிவுதான் ஒரு தொழிலாகவே வளர்த்தது.

3. தகடு மலிவு. அன்றைய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் தனிச் சேசிஸ், அதாவது இரும்புச் சட்டகத்தின், மேல் உடலை ஏற்றி முடுக்கியவை. லாரிகளை இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள். இந்த முறையில் சேசிஸை நீட்டித் தகட்டை நீளமாக்குவதற்கு ஆகும் செலவு, வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் விலையை விட மிகக் குறைவு. பெரிய காரில் லாபம் பெரியது. நான்கு காரணங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

4. இடம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மக்கள் நகரத்தை விட்டுப் புறநகர் வீடுகளுக்குக் குடிபோனார்கள். 1956-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிவகுத்தது. நேரான சாலை, அகலமான தடம், வீட்டு வாசலிலேயே நிறுத்துமிடம். காரைச் சிறிதாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

பின்பக்கத்து இறக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏர்லும் அவர் குழுவினரும் 1941-இல் டெட்ராய்ட் அருகே ஒரு விமானப்படைத் தளத்தில் பி-38 லைட்னிங் போர்விமானத்தைப் பார்த்தார்கள். அதன் இரட்டை வால் அவர்கள் மனதில் தங்கிவிட்டது. 1948 கேடிலாக்கின் பின்விளக்குகள் மேல் சிறு முடிச்சாக அது முளைத்தது. கிறைஸ்லரில் வெர்ஜில் எக்ஸ்னர் 1957-இல் அதைவிட உயரமான, கூர்மையான இறக்கைகளைக் கொண்டுவந்தார். பதிலுக்கு 1959-இல் கேடிலாக் உச்சத்துக்குப் போனது. ஒவ்வோர் இறக்கையின் நடுவிலும் தோட்டா வடிவத்தில் இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள். அதற்கு மேல் போக இடமில்லை. 1960 மாடலிலேயே இறக்கை தாழ்ந்துவிட்டது. அதனால்தான் அந்த ஒரு வருடத்துக் காருக்கு இன்றும் தனி மதிப்பு.

அந்தக் காலத்து அமெரிக்கர்கள் எல்லோரும் இதை விரும்பினார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1958-இல் பொருளாதாரம் சுணங்கியபோது சிறிய ராம்ப்ளர் கார்கள் நன்றாக விற்றன. அவற்றைச் செய்த கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் ராம்னி, பெரிய கார்களைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று வெளிப்படையாகவே சாடினார். 1960 மாடலுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் என்ற மூன்று பெரிய கம்பெனிகளுமே சிறிய கார் ஒன்றைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஓட்டும்போது என்ன கிடைக்கிறது?

இந்தக் கார்களில் ஒருமுறை போனவர்கள் "கப்பல் மாதிரி போகுது" என்பார்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது.

சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே எழும்புகிறது. அந்த அசைவில் எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வந்து சேர்கிறது என்பதை முக்கியமாக மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஸ்பிரிங் மேல் இருக்கும் எடை, ஸ்பிரிங்கின் மென்மை, இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம். எடை அதிகமாக இருந்தால் சின்ன அதிர்ச்சி அதை அசைக்காது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் உடல் மெதுவாக ஏறி இறங்கும். சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் முன்பக்கம் ஏறும்போது கார் சாயும் கோணம் குறையும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவை இந்தக் கார்கள். சோபா போன்ற இருக்கையும் கனமான கம்பளமும் மேற்கொண்டு கிடைப்பவை.

அடுத்து எஞ்சின். 1959 கேடிலாக்கில் 6.4 லிட்டர் வி8. அதன் உச்ச முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருகித் தள்ளும் பலம், நிமிடத்துக்கு 3,100 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இன்றைய சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் வேகம் எடுக்கச் சத்தம் போட்டுச் சுழல வேண்டும். இது முணுமுணுத்தபடியே 2 டன்னையும் இழுத்துக்கொண்டு போகும். ஆட்டோமேட்டிக் கியர் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே வந்துவிட்டது. பவர் ஸ்டீயரிங் 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியலில் வந்தது. 1950-களின் கடைசியில் கேடிலாக் வாங்கியவர் கிளட்ச் மிதிக்காமல், ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஏசி போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் போகலாம். உலகின் பெரும்பகுதி அப்போது கையால் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு இன்பத்தை இன்று எந்தப் புதுக் காரிலும் பெறுவது கடினம். அதுதான் ஹார்ட்டாப் என்ற உடலமைப்பு. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் இருக்காது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கினால் முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை ஒரே திறப்பு. காற்று தடையில்லாமல் ஓடும். தலைக்கு மேலே நிழலும் இருக்கும். 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பரவலாக்கியது. பக்கவாட்டு மோதலில் காப்பாற்றுவது அந்த நடுத்தூண்தான் என்பதால் பின்னாளில் ஹார்ட்டாப் மறைந்துபோனது. ரப்பர் பீடிங் கிழடானதும் மழைத்தண்ணீர் உள்ளே வருவதும் இந்தத் திறப்பு வழியாகத்தான்.

குதிரைத்திறன் குழப்பம்

பழைய விளம்பரங்களில் 325, 400 என்று எண்களைப் பார்த்துவிட்டு இன்றைய காரோடு ஒப்பிடுகிறார்கள். அது பொருந்தாது.

1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் மொத்தத் திறனைச் சொல்லின. எஞ்சினைத் தனியாக மேசையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர், எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த எண் அது. 1972 முதல் நிகரத் திறன். காரில் இருக்கும்போது எல்லாச் சுமையோடும் எஞ்சின் உண்மையில் தருவது இது. 1971 எல்டொராடோவுக்கு இரண்டு எண்ணும் கிடைக்கின்றன: மொத்தம் 365, நிகரம் 235. ஒரே எஞ்சின், ஒரே வருடம்.

அந்த 8.2 லிட்டர் எஞ்சின் 1970-இல் 400 மொத்தக் குதிரைத்திறனோடு வந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்காகவும், சாதாரண பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காகவும் அமுக்க விகிதத்தை, அதாவது எரியும் முன் எரிபொருள் கலவையை அமுக்கும் அளவை, குறைத்துக்கொண்டே போனார்கள். 1976-இல் அதே 8.2 லிட்டர் தந்தது 190 நிகரம். 2.3 டன் காருக்கு அது போதும், ஆனால் பிரமாதம் இல்லை. 1970-களின் பெரிய கார்கள் 1950-களின் கார்களைவிட மலிவாக விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1973-இல் என்ன மாறியது?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்தது. 1975-இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜுக்கு வரம்பு வைத்தது. 1978 மாடலுக்குக் கேலனுக்கு 18 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர். 1985-க்குள் 27.5 மைல். பெரிய கார்கள் அப்போது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்கிடையே இன்னொரு விதி காரை மேலும் நீட்டியது என்பது பலருக்குத் தெரியாது. 1973 மாடலிலிருந்து மணிக்கு 5 மைல் மோதலைத் தாங்கும் முன்பம்பர் கட்டாயம், அடுத்த வருடம் பின்பம்பரும். பெரிய இரும்புப் பம்பர்களை வெளியே தள்ளிப் பொருத்தினார்கள். எண்ணெய் நெருக்கடி வந்த நேரத்தில்தான் இந்தக் கார்கள் நீளத்தின் உச்சத்தில் இருந்தன.

1977 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களை எல்லாம் ஒரே வெட்டாகச் சுருக்கியது. செவர்லே கேப்ரிஸ் ஏறத்தாழ 10 அங்குலம் குட்டையாகி, 270 கிலோவுக்கு மேல் இளைத்தது. உள்ளே இடம் குறையவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய நீளத்தில் எவ்வளவு தோற்றத்துக்காக என்பதற்கு அந்தக் காரே சான்று.

அப்போதே ஏக்கமும் விலைபேசத் தொடங்கிவிட்டது. 1976 எல்டொராடோவை "கடைசி அமெரிக்க மடக்குக்கூரைக் கார்" என்று சொல்லி விற்றார்கள். அந்த வருடம் 14,000 கார்கள் செய்தார்கள். கடைசி 200 கார்களும் ஒரே மாதிரி வெள்ளை. சேமித்து வைத்தால் பொன்னாகும் என்று வாங்கியவர்கள் பலர். 1984-இல் கம்பெனி மீண்டும் மடக்குக்கூரை எல்டொராடோவைக் கொண்டுவந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

இன்று ஓட்டினால் என்ன சிரமம்?

எனக்கு முக்கியமாகப் படும் வரிசையில் சொல்கிறேன்.

1. பிரேக். 1960-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கப் பெரிய கார்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மின் உள்ளே இருக்கும் லைனிங் வெளிப்புறமாக விரிந்து டிரம்மைத் தேய்க்கும். ஒருமுறை நிறுத்தினால் நன்றாகவே நிற்கும். மலைச்சாலையில் இறங்கும்போது திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூடாகி விரிவடையும். விரிந்த டிரம் லைனிங்கை விட்டு விலகிப்போகும். சூட்டில் லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் கீழே போகும். எதிரே வளைவு, பின்னால் 2 டன். அதோடு, பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் குழாய்த் தொடர்தான். எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் மொத்தமும் போச்சு.

2. மோதல். "அந்தக் காலத்து இரும்பு, லாரி மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு எங்கும் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர், முன்புறத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி மோதவிட்டது. எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பெல் ஏரில் முன் கண்ணாடித் தூண் பின்னால் மடிந்தது, டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் ஓட்டுநர் மேல் வந்தன. உள்ளே இருந்த பொம்மையின் அளவீடுகளின்படி ஓர் ஆள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவின் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் மட்டுமே. புதிய காரின் முன்பகுதி கசங்கி அடியை வாங்கிக்கொள்ளும், ஆள் இருக்கும் கூடு கெட்டியாக நிற்கும். பழைய காரில் தகடு கனமாக இருந்தாலும் அந்த ஏற்பாடே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இந்தக் கார்களில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

3. இடம். பிரிட்டனில் ஒரு வழக்கமான நிறுத்துமிடம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். 1959 கேடிலாக்கை அதில் விட்டால் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டும், பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிஞ்சாது. இரண்டு கதவு மாடலின் கதவு மிக நீளமானது. அந்தச் சந்தில் அதைத் திறந்து இறங்க முடியாது. அமெரிக்காவின் வழக்கமான 18 அடி இடத்தையே இது தாண்டுகிறது. அமெரிக்காவிலேயே பழைய வீடுகளின் கராஜுக்குள் இந்தக் கார்களை விட்டுக் கதவை மூட முடியாத நிலை உண்டு.

4. பராமரிப்பு. அமுக்க விகிதம் அதிகமுள்ள எஞ்சின்களுக்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996 முதல் முழுத் தடை. ஈயத்தை நம்பிச் செய்த வால்வு இருக்கைகள் (எஞ்சினில் வால்வு வந்து அமரும் விளிம்புகள்) கடும் உழைப்பில் தேயும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். இவற்றுக்கெல்லாம் மாற்று வழி உண்டு, மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேலைதான்.

5. பெட்ரோல். கடைசியில்தான் இதற்கு இடம். அமெரிக்காவில் 1960-இல் ஒரு கேலன் சுமார் 31 சென்ட். அன்றிலிருந்து விலைவாசி ஏறத்தாழ பத்து மடங்காகிவிட்டது. இன்றைய பணத்தில் அது 3 டாலருக்கும் சற்று மேல். அமெரிக்கர்கள் இப்போதும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் கொடுக்கிறார்கள். பொழுதுபோக்காக வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 500 லிட்டர் ஆகும். அதற்கு நானூறு ஐந்நூறு டாலர். இந்தக் கார்களின் ஒரு பம்பரைக் கழற்றிக் குரோமியம் பூசினாலே செலவு அதைத் தாண்டிவிடும். தினமும் வேலைக்குப் போக வைத்துக்கொண்டால் மட்டும் பெட்ரோல் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். எரிபொருள் வரி அதிகமுள்ள ஐரோப்பாவில் அது எப்போதுமே கட்டுப்படியானதில்லை.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பியாரிட்ஸ் லட்சத்துக்கு மேல், நான்கு கதவுக் கார் அதில் ஒரு சிறு பங்கு. ஏன்?

பியாரிட்ஸ் 1959-இல் மொத்தம் 1,320 கார்கள்தான் செய்யப்பட்டன. அரிது என்பது தெரிந்த காரணம். தெரியாத காரணம் பழுதுபார்ப்புச் செலவில் இருக்கிறது. டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் வேலை, சீட், குரோமியம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு காருக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. கார் பெரியது என்பதால் அந்தச் செலவும் பெரியது. தகட்டுப் பரப்பு அதிகம், பெயின்ட் அதிகம், பளபளக்கும் பாகங்கள் எண்ணிக்கையில் அதிகம்.

குரோமியம் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் புரியும். பம்பர் இரும்பால் ஆனது. பழைய பூச்சை உரித்து, பள்ளம் நிமிர்த்தி, முதலில் செம்பு, பிறகு நிக்கல், அதன் மேல் குரோமியம் பூச வேண்டும். நச்சுக் கழிவு விதிகள் இறுகியதால் இந்த வேலை செய்யும் பட்டறைகள் குறைந்துவிட்டன. விளக்கு வளையங்களும் எழுத்துச் சின்னங்களும் துத்தநாக வார்ப்பு. அவற்றில் ஈரம் புகுந்தால் பூச்சுக்கு அடியில் உலோகமே பொரிந்து குழி விழும். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகத் தோண்டிச் சுத்தம் செய்து, நிரப்பி, தேய்த்த பிறகுதான் பூச முடியும். ஒரு சிறு பாகத்துக்கே ஒரு நாள் உழைப்பு போய்விடும்.

இந்தச் செலவெல்லாம் செய்து முடித்தால் மடக்குக்கூரைக் கார் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. நான்கு கதவுக் கார் கொடுப்பதில்லை. அதனால் நான்கு கதவுக் கார்களை யாரும் முழுமையாகச் சீர்செய்வதில்லை. பல கார்களைக் கழற்றி, அவற்றின் பாகங்களை மடக்குக்கூரைக் கார்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆறு பேர் கொண்ட சாதாரணக் குடும்பம் அந்தக் காலத்தில் உண்மையில் ஓட்டியது நான்கு கதவுக் காரைத்தான். 1965-இல் மட்டும் செவர்லே இம்பாலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையில் இருந்த கார்கள் இப்படிப் பாகங்களாகப் பிரிந்து போவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கே இன்னும் ஓடுகின்றன?

கியூபாவில் இவை நினைவுச்சின்னங்களாக நிற்பதில்லை, வேலை செய்கின்றன. புரட்சிக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்து புதிய கார்களும் பாகங்களும் நின்றுபோயின. 2011 வரை அங்கே தனியார் தாராளமாக வாங்கி விற்க முடிந்தது புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டும்தான். ஆகவே 1950-களின் செவர்லேயும் ப்யூக்கும் ஷேர் டாக்ஸிகளாக ஓடின. பெரும்பாலானவற்றில் பழைய வி8 இல்லை, வேறு வண்டியிலிருந்து எடுத்த டீசல் எஞ்சின்தான். ஆறு பேர் உட்காரும் அகல இருக்கையும் தனிச் சேசிஸும் அங்கே பிழைப்புக்கு உதவின. சேசிஸ் தனியாக இருந்ததால் எந்த எஞ்சினையும் பொருத்த முடிந்தது. ஸ்வீடனில் கதை வேறு. 1950-களிலிருந்தே உழைக்கும் வர்க்க இளைஞர்கள் பழைய அமெரிக்கக் கார்களைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மரபு இன்றும் கோடைகாலத்தில் அங்கே தெருக்களில் தெரிகிறது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயில் கார்களைக் கோத்து விற்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதும் 1950-களின் முற்பாதியில் அதுவும் ஃபோர்டும் வெளியேறின. மிச்சமிருக்கும் பழைய கார்களுக்காக 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்தைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரிப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

வாங்க ஆசைப்படுபவர் எதைப் பார்க்க வேண்டும்?

வெளிநாட்டில் வாழும் தமிழர்களில் இப்படி ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆசை தவறில்லை. ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

1. ஆண்டைப் பாருங்கள். 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இரட்டைப் பிரேக் தொடர், மோதும்போது மடங்கும் ஸ்டீயரிங் தண்டு, முன் இருக்கைகளுக்குத் தோள்பட்டை பெல்ட் எல்லாம் அதில் அடங்கும். முன் டிஸ்க் பிரேக்கை லிங்கன் கான்டினென்டல் 1965-லேயே வழக்கமாகக் கொடுத்தது. ஓட்டுவதற்கென்று வாங்கினால் 1968-க்குப் பிந்தைய, முன் டிஸ்க் உள்ள காரைத் தேடுங்கள். பழையதுதான் வேண்டும் என்றால் பிரேக்கை இரட்டைத் தொடராக மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. காரைப் பார்க்கப் போகும் முன் கராஜை அளந்துகொள்ளுங்கள். உள்ளே விட்ட பிறகு பின்னால் நடந்துபோக இடம் வேண்டும், கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும்.

3. மற்றவர்கள் ஒதுக்கும் நான்கு கதவுக் காரை எடுங்கள். அதே எஞ்சின், அதே மிதப்பு, விலை சொற்பம். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

4. எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். லட்சக்கணக்கில் செய்த வி8-க்கு இன்றும் பாகம் கிடைக்கிறது. துருவையும் வெளிப்புற அலங்காரப் பாகங்களையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். ஒரு விளக்கு வளையம், ஒரு கதவோரப் பட்டை காணவில்லை என்றால் விலை பேசுவதற்கு முன்பே அது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள்.